மூன்று அடி, ஒரு மூச்சு

இது நடந்தது. ஹாஜ்ராவிடம் நானே மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் இதையேதான் சொன்னாள். அவள் கதை கட்டுகிற ரகம் இல்லை. கோழி முட்டையிட்டதைக்கூட முட்டையைக் கையில் எடுத்த பிறகுதான் சொல்வாள். நம்பாதவர்கள் காஷ்மீரில் குப்வாரா பக்கம் எங்கள் ஊருக்கு வந்து, அந்த அக்ரூட் மரத்தடியில் ஒரு சாயங்காலம் தனியாக நின்று பார்க்கட்டும். துணைக்கு நான் வரமாட்டேன்.

இலை உதிரும் மாதங்களில் எங்கள் பண்ணைகளில் வெளுத்த கையைப் பார்க்க முடியாது. அக்ரூட்டின், அதாவது வால்நட்டின், பச்சைத் தோலை உரித்தால் அதன் சாறு விரலில் ஏறிக் கறுத்துவிடும். எந்தச் சோப்புக்கும் அசையாது. கல்யாணப் பெண்ணாக இருந்தாலும் கறுத்த கையோடுதான் உட்கார வேண்டும்.

ஹாஜ்ராவின் கணவன் மன்சூர் எங்கள் ஊரிலேயே நன்றாக மரம் ஏறுகிறவன். நீளமான கழியால் கிளையை மூன்று முறை அடிப்பான். பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவான். அந்த இடைவெளியில் கீழே நிற்கும் பெண்கள் ஓடிப்போய்க் காய்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு விலகிவிட வேண்டும். எத்தனை மரம் அடித்தாலும் இந்தக் கணக்கு தவறாது. அவன் வலது கையில் சுண்டுவிரல் இல்லை. சின்ன வயதில் வைக்கோல் வெட்டும் இயந்திரம் கொண்டுபோய்விட்டது. அவன் தம்பி சனாவுல்லாவுக்குப் பத்து விரலும் இருந்தன, ஆனால் நிறுத்தி அடிக்கிற பழக்கம் இல்லை. கீழே ஆள் நிற்கிறதா என்றுகூடப் பார்க்கமாட்டான்.

போன வருஷம், தோட்டத்தின் பெரிய மரத்திலிருந்து மன்சூர் விழுந்து செத்தான். அப்போது மரத்தில் அவனோடு இருந்தது தம்பி மட்டும்தான். “கால் வழுக்கிடுச்சு” என்றான் சனாவுல்லா. ஊர் நம்பியது. ஹாஜ்ரா நம்பவில்லை. ஆனால் சாட்சி இல்லாத சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு விதவை என்ன செய்துவிட முடியும்?

இந்த வருஷம் மற்ற மரங்களெல்லாம் முடிந்தன. பெரிய மரத்தில் ஏறக் கூலிக்காரர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அது அப்படியே நின்றது.

அன்று மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. ஹாஜ்ரா முற்றத்தில் சுரைக்காய் வற்றலைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். சனாவுல்லாவும் அவன் மனைவி தாஜாவும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து உப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அறுவடை முடிஞ்சாச்சு அண்ணி” என்றான் சனாவுல்லா. “வெள்ளிக்கிழமை உங்கள உங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்.”

“என் பங்கு?”

“என்ன பங்கு? போன மனுஷனோட எல்லாம் போச்சு.”

“அடுத்த வெள்ளிக்கு அனுப்புங்களேன்” என்றாள் தாஜா. “வத்தல யாரு கோத்து முடிப்பா?”

ஹாஜ்ராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தோட்டத்தில் அவளும் மன்சூரும் சுமந்து போட்ட எருவுக்கு அளவில்லை. இனி அதில் ஒரு மரத்து நிழல்கூட அவளுக்கு இல்லை. ஊசியை வற்றலில் குத்தினாள்.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்...

நின்றது.

மறுபடி... டக்... டக்... டக்...

பெரிய மரத்துப் பக்கம். சனாவுல்லாவின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

“எவனோ திருட்டுப் பய” என்றான். “தாஜா, அண்ணன் கழி எங்க?”

“அது ஏது இப்போ? போன வருஷமே பொளந்து அடுப்புல வச்சுட்டேனே.”

அவன் எழுந்து போனான். ஹாஜ்ராவும் கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கூடையை ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

மரத்தடி முழுக்கக் காய்கள். தானாக உதிர்ந்த காய் தோல் வெடித்துத் தனியாகக் கிடக்கும். இவை பச்சை இலையும் ஒடிந்த நுனிக்கொம்புமாகக் கிடந்தன. அடித்து விழுந்த காய்கள். மேலே பார்த்தால் பனி... உச்சிக் கிளை தெரியவில்லை.

“யாருடா அங்க? எறங்கு.”

சனாவுல்லா காறித் துப்பிவிட்டு ஏறினான். அவன் கால்கள் பனிக்குள் மறைந்தன. கொஞ்ச நேரம் பட்டை உரசும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

“இங்க ஒருத்தரும் இல்ல” என்றது அவன் குரல்.

ஹாஜ்ரா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

“அண்ணி... கீழதானே இருக்கீங்க?”

“ஆமா.”

“தாஜா வந்திருக்காளா?”

“இல்ல. நான் மட்டும்தான்.”

“அப்போ என் காலப் பிடிச்சிருக்கறது யாரு?”

ஹாஜ்ரா அண்ணாந்து பார்த்தாள். பனிதான் தெரிந்தது.

“விடு...” என்றான். கெஞ்சினான். “அண்ணா, விடு... தெரியாம செஞ்சுட்டேன்... விடுண்ணா...”

டக்.

டக்.

டக்.

பிறகு அந்த ஒரு மூச்சு.

அந்த இடைவெளியில்தான் சனாவுல்லா விழுந்தான்.

பயந்தாயா என்று கேட்டேன். முதலில் பயந்தாளாம். விழுந்தவன் அசையவில்லை என்று தெரிந்ததும், “வயிறு குளுந்துச்சு” என்றாள். மறைக்கவில்லை. தாஜாவைக் கூப்பிடும் முன் காலடியில் கிடந்த காய்களைக் கூடையில் அள்ளிக்கொண்டாளாம். தாஜா மறு வாரமே தாய்வீடு போனாள். ஹாஜ்ரா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

சாவு வீடு ஓய்ந்த பிறகு, பிணம் குளிப்பாட்டும் ரம்ஜான் சாச்சா அவளைத் தேடி வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“சனாவுல்லா கணுக்கால்ல கறை இருந்துச்சும்மா. அக்ரூட் கறை. கை பிடிச்ச தடம். எவ்வளவு தேய்ச்சும் போகல. நாலு விரல்தான் இருந்துச்சு. சுண்டுவிரல் இல்ல.”

ஹாஜ்ரா தலையை மட்டும் அசைத்தாள்.

“போன வருஷம் மன்சூரைக் குளிப்பாட்டினப்பவும் பாத்தேன். முதுகுல, சட்டையத் தாண்டி ஊறியிருந்துச்சு. ரெண்டு உள்ளங்கை, பத்து விரல்.”

“அன்னைக்கே ஏன் சாச்சா சொல்லல?”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவையும் கறுப்பாகத்தான் இருந்தன.

“யாருகிட்டம்மா சொல்ல? இந்த மாசத்துல ஊருல எல்லார் கையும் கறுப்புதானே. அதுவும் போக... நான் தேய்க்கத் தேய்க்கப் பக்கத்துல நின்னு தண்ணி ஊத்தினவனே சனாவுல்லாதான்.”