மூடாத கேபினட்

கம்ப்யூட்டருக்கு ஒரு கூலர் வாங்குவதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது, கடைக்குப் போனோமா வந்தோமா என்று யாராவது பேசினால் எனக்கு இப்போதும் சுர்ரென்று ஏறும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கல்யாண வீடியோ எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் என் கூட்டாளியும். அவன் கேமரா பிடிப்பான், எடிட்டிங் என்னுடையது. செங்கல்பட்டில் ஒரு மிளகாய் மில்லுக்கு மேலே எங்கள் அறை. மாமல்லபுரம் கடற்கரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நடப்பது, மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிப்பது, எல்லாம் அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் பாட்டோடு சேர்ந்து படமாகும்.

அந்தக் கோடையில் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. வெட்டி ஒட்டிய துண்டுகளை எல்லாம் ஒரே படமாக்குகிற ரெண்டரிங் வேலையைக் கொடுத்தால் பாதி தூரம் போகும். அதற்குள் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் கொதித்து, மெஷின் தானாக அணைந்துவிடும். பிராசஸரோடு இலவசமாக வந்த குட்டி விசிறி எங்கள் தகர ஷீட் அறையின் வெயிலுக்குப் போதவில்லை. நல்ல கூலர் ஒன்று மாட்டினால் சரியாகிவிடும். விலை மட்டும் எங்கள் கைக்கு அடங்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் மாடியேறி வந்தார். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய மகள் கல்யாணத்தை நாங்கள் எடுத்திருந்தோம். வந்தவர் படிக்கட்டு முடியும் இடத்தைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"நைனா, படம் ரெடியாச்சா?"

"கொஞ்சம் டைம் ஆகும்ணே. மெஷின் ரிப்பேரு."

"எனக்குத்தான் டைம் இல்ல நைனா. சக்கர வியாதி. ஒரு கண்ணு போன வருசமே பூட்ச்சு. இதுலயும் இப்ப ரத்தம் கசிஞ்சிகினு கீதாம். ஆபரேசன் பண்ணாலும் பார்வ நிக்குமான்னு தெரியாதுன்றாரு டாக்டரு."

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். அவரே தொடர்ந்தார்.

"தாலி கட்ட சொல்லோ நான் மேடையில இல்ல. எங்க அண்ணன் மரியாத பத்தலன்னு கோச்சிக்கினு ரோட்டுக்குப் பூட்டாரு. கையக் கால புடிச்சி அவர இட்டாரதுக்குள்ள மேளம் கொட்டிட்டாங்க. ஒரே பொண்ணு நைனா. அத்த ஒருவாட்டி பாத்துட்டேன்னு வெச்சிக்கோ, அப்பால இந்தக் கண்ணு இன்னா ஆனாலும் ஆவட்டும்."

"கவலப்படாதீங்கண்ணே. சினிமா மாதிரி பண்ணித் தரேன், பாருங்க" என்றேன். வாய்க்கொழுப்பு. ஆனால் மனசாரத்தான் சொன்னேன். அந்த மனிதர் பார்க்கப்போகிற கடைசிப் படம் அதுவாக இருந்தால் அது நல்ல படமாக இருக்க வேண்டும் என்று பட்டது.

அவர் போனதும் போனிலேயே தேடி, ஆகக் குறைந்த விலையில் எல்லோரும் புகழ்ந்திருந்த கூலர் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். கோபுரம் போல உயரமான ஜாதி. கம்ப்யூட்டரின் பாகங்கள் எல்லாம் அடங்கிய பெட்டி, அதுதான் கேபினட், அதன் அகலத்தையும் இன்ச் டேப்பால் அளந்தேன், தாராளமாக இருந்தது. வெளிப்பக்கத்தை அளந்தேன் என்பது கூலர் வந்து மாட்டிய பிறகுதான் உறைத்தது. உள்ளே பக்கச் சுவரில் நிற்கிற போர்டு, அதன் மேல் பிராசஸர், அதன் மேல் கூலர். கூலரின் தலை ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பக்கக் கதவு மூடவே இல்லை.

"தொறந்தே கெடக்கட்டும் மச்சான். நல்லா காத்து வரும்ல" என்றான் கூட்டாளி.

சரி என்று ரெண்டரிங்கைப் போட்டோம். சூடே ஏறவில்லை. ஆஹா என்று டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். கீழே மில்லில் மிளகாய் அரைக்க ஆரம்பித்தார்கள். கோடையில் ராத்திரியிலும் அரைப்பார்கள், வழக்கமாகவே எங்கள் அறைக்கு நெடி வரும். இப்போது புது விசிறி அதைத் தேடிப்பிடித்து உள்ளே இழுத்தது. போர்டின் மேல் சிவப்பாகப் பொடி படிந்திருந்தது. இரண்டு பேரும் தும்மித் தும்மி அதைப் பிரஷ்ஷால் துடைத்தோம். படத்தைப் பாதியில் நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. இருப்பது ஒரே மெஷின், அதுவும் போய்விட்டால் இரண்டு குடும்பத்துக்கும் அடுப்பு எரியாது.

"அப்ப கேபினட்ட மாத்திடு" என்றான். மேஜைக்கு அடியில் இருக்கிற பொந்தில் நுழைய வேண்டும் என்று ஒல்லியாகப் பார்த்து அந்தக் கேபினட்டை எடுத்தவனே அவன்தான். நான் கத்தினேன். அவனும் கத்தினான். "வேற ஸ்டுடியோல போட்டு எடுத்துக்கலாமே" என்றான் கடைசியில். சீசன் நேரத்தில் எவன் மெஷினைத் தருவான் என்று அதற்கும் ஒரு கத்து கத்தினேன். உண்மையில் யாரையும் கேட்டுப் பார்க்கவில்லை.

அந்த உயரக் கூலரைத் திருப்பி அனுப்பிவிட்டு, குட்டையான கூலர் ஒன்று வரவழைத்தோம். அது உயரத்துக்குச் சரியாக இருந்தது. ஆனால் குடை மாதிரி நாலு பக்கமும் விரிந்து, பக்கத்தில் நிற்கிற மெமரி பட்டைகளின் தலையில் போய் இடித்தது. கழற்றினேன். அன்றைக்கு அந்தக் கூலரை ஜன்னல் வழியாக விட்டெறியாமல் இருந்தது என் கூட்டாளி என் கையைப் பிடித்ததால்தான்.

இதற்கு நடுவில் ஆட்டோக்காரர் போன் செய்துகொண்டே இருந்தார். முதலில் "இன்னா நைனா, ஆச்சா?" என்பார். அப்புறம் கேட்கவும் சங்கடப்பட்டு, "சும்மாதான் போட்டேன், சாப்டியா?" என்பார். "இதோ ஆயிடுச்சுண்ணே, ரெண்டு நாள்ல" என்பேன் நானும்.

கடைசியில் புத்தி வந்தது. கூலர் இல்லாத பிராசஸர் மேல் ஒரு பென்சிலை நிறுத்தி, கதவு வந்து தட்டுகிற இடத்தில் கோடு கிழித்தேன். மெமரி பட்டை வரை எவ்வளவு இடம் என்று அடியில் இன்னொரு கோடு. அந்தப் பென்சிலை எடுத்துக்கொண்டு படூரில் இருக்கிற ஒரு கடைக்குப் போய், பெட்டி பெட்டியாகப் பிரிக்கச் சொல்லி வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் முறைத்தார், முறைத்துவிட்டுப் போகட்டும். பெயர் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் நடுத்தர உயரக் கூலர் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. விலையும் கட்டுப்படியானது.

மாட்டினோம். கதவு டக்கென்று மூடியது. எனக்கு அழுகை வராத குறைதான். அன்றைக்குச் சாயங்காலமே படம் முடிந்தது. தாலி கட்டுகிற இடத்தை நிதானமாக ஓடவிட்டு, மேலே அருமையான ஒரு பாட்டைப் போட்டிருந்தேன்.

உடனே போன் செய்தேன். மகள் எடுத்தாள். ரத்தம் அதிகமாகிவிட்டதால் ஆபரேஷனை முன்னாலேயே செய்துவிட்டார்களாம். கண்கட்டைப் பிரித்தாலும் வெளிச்சம் இருட்டு தெரியும், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "நீங்க எடுத்துக்கினு வாங்கண்ணா. அப்பா கேட்டுகினே கீறாரு" என்றாள்.

மாமல்லபுரத்துக்கு முன்னாலேயே, கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே தள்ளி அவர்கள் வீடு. பென் டிரைவை டிவியில் செருகினேன். அவர் கண்கட்டோடு டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். மகள் பின்னால் நின்று, "இப்ப பந்தக்கால்பா, இப்ப மாப்ள அழைப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தாலி கட்டுகிற இடம் வந்தது. பாட்டு வீட்டை நிறைத்தது.

"மேளம் எங்க நைனா?" என்றார்.

"அந்த எடத்துல பாட்டு போட்டிருக்கேண்ணே."

"பாட்ட நான் ஆட்டோலயே கேட்டுக்குவேனே."

அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. ஃபிரேம் எப்படி வந்திருக்கிறது பார் என்று, கல்யாணத்தன்றே தாலி கட்டுகிற கிளிப்பைக் கூட்டாளி எனக்கு அனுப்பியிருந்தான். எடிட் பண்ணாத துண்டை வீட்டாருக்குக் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. காட்டினால் அது அன்றைக்கே சொந்தக்காரர்கள் போனில் எல்லாம் சுற்றும், ஆடுகிற கேமராவும் கொட்டாவி விடுகிற சித்தப்பாவும் எங்கள் பெயரைக் கெடுக்கும். அவர் அறைக்கு வந்த அன்று இது என் நினைவுக்கே வரவில்லை. இப்போது எடுத்து அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன்.

கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று யாரோ கத்தினார்கள். மேளம் பொரிந்தது. அதற்கு நடுவில், மைக்குக்கு மிகவும் பக்கத்தில், பெண்ணின் குரல்: "அப்பா எங்கம்மா? அப்பா வரலியா?" யாரோ ஒரு அம்மாள், "வருவாரு, நீ குனி, குனி" என்றாள்.

எடிட்டிங்கில் நான் அதைக் கேட்டிருக்கிறேன். இரைச்சல் என்று நினைத்து ஒலியை அணைத்தவன் நான்தான். பின்னால் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னத் தேடிகிதுடா பொண்ணு" என்றார். "இன்னோருவாட்டி போடு."

போட்டேன். அவர் போனை என் கையிலிருந்து வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டார். மேளம் அடங்கியதும் கேட்டார்.

"இது எப்ப வந்துச்சு உனுக்கு?"

"கல்யாணத்தன்னிக்கேண்ணே."

"அப்ப நான் உன் ரூமுக்கு வந்த அன்னிக்கு, உன் பாக்கெட்டுலதான் இருந்துச்சா?"

"ஆமாண்ணே."

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். போனை என் பக்கமாக நீட்டிவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்கு எனுக்குக் கண்ணு தெரிஞ்சுது நைனா."