214-ஆம் அட்டை

1970 மார்ச் 17: எமில் போசாக் புதிதாக வாங்கினார். 3,412 டாலர்.
2009 மே 6: பின்பட்டை மாற்றம். புதுப்பட்டை 88 டாலர்.
2009 மே 30: கண்காட்சி. ஆயிரத்துக்கு 991 புள்ளி.
2024 ஜூன் 11: ஓட்டத்தில் நின்றுபோகிறது.

வண்டியைத் தொடுவதற்கு முன் வெண்டல் க்ராட்ஸ் அதன் அட்டையை ஒருமுறை வாசித்துவிடுவார். பிறகு இடுப்பு பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அதன் கொக்கி பெயின்ட்டில் உரசக் கூடாது. கைக்கடிகாரம் சட்டைப்பைக்குள் போகும். அதற்குப் பிறகுதான், "இருக்கட்டும், பாப்போம்" என்பார். வண்டிக்காரர் அதுவரை சொன்ன எதையும் அவர் கேட்டதாகக் கணக்கில்லை.

வயது எழுபத்தெட்டு. ஓவோஸோவில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கார் நிற்கிற கொட்டகை. 1964 முதல் 1974 வரை வந்த மசில் கார்களை மட்டுமே உள்ளே விடுவார்: இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், தெருமுனைக்கு முன்பே சத்தம் வந்து சேரும் ரகம். எஞ்சின் கோளாறும் பார்ப்பார். ஆனால் மிஷிகனின் பாதி ஊர்களிலிருந்து ஆட்கள் அவரைத் தேடி வருவது பளபளக்கும் சட்டங்களுக்காக. ஜன்னலைச் சுற்றி ஓடும் எஃகுச் சட்டம், முகப்பு வலை, பெயர் எழுத்துகள், பின் விளக்குகளுக்கு நடுவே ஓடும் பின்பட்டை. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படி. அதைவிட அழகாக இருந்தாலும் அவருக்குப் பிடிக்காது.

சட்டத்தில் உள்ள சின்னப் பள்ளத்துக்கு அவர் வைத்த பெயர் கிள்ளு. "இது அடி இல்ல, கிள்ளுதான்" என்றால் வண்டிக்காரர் நிம்மதியாக மூச்சுவிடலாம். சட்டத்தை மணல் நிரப்பிய தோல்பையின் மேல் கவிழ்த்துப்போட்டு, விரல் நீளச் சுத்தியலால் உட்புறமிருந்து தட்டுவார். ஒரு கிள்ளுக்கு நாற்பது தட்டு. யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கையை முடித்துவிட்டுத்தான் பதில். பதினொன்று நாற்பதுக்கு சாண்ட்விச். கழற்றிய எதையும் வீசியதில்லை. பழைய சட்டங்கள் எண் எழுதிய சீட்டுடன் கூரைக் கட்டையில் தொங்கும்.

ஊர் நூலகம் கழித்துப்போட்ட அட்டை அலமாரி கொட்டகையின் மூலையில் நிற்கிறது. வண்டிக்கு ஓர் அட்டை. எழுதியதை அடிப்பதோ திருத்துவதோ கிடையாது. "எழுதினதை அழிக்கிறவன் நாளைக்கு மைல் மீட்டரையும் பின்னால திருப்புவான்" என்பது அவர் கட்சி.

214-ஆம் அட்டையில் மேலே சொல்லாத வரி ஒன்று இருக்கிறது. 2009 மே 6-க்குக் கீழே: "முன்பே பின்னால் இடிபட்ட வண்டி. உரிமையாளர் மறைக்கிறார்."

அன்று எமில் போசாக் மனைவி வாண்டாவையும் மகன் லேலண்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த ரக வண்டிக்குப் பின்பட்டை குறுகலாக, கறுப்பாக இருக்க வேண்டும் என்கிறது தொழிற்சாலையின் பாகப் புத்தகம். எமில் வண்டியில் இருந்ததோ அகலமான, வரிவரியான அலுமினியப் பட்டை. விலை கூடிய ரகத்துக்கு உரியது.

"வாங்கினப்பவே இப்படித்தான் இருந்துச்சு. ஒரு கீறல் பட்டதில்ல" என்றார் எமில்.

வெண்டல் புத்தகத்தைப் புரட்டிப் படத்தைக் காட்டினார். "பின்னால இடிபட்டிருக்கு. கையில கெடச்ச பட்டையைப் போட்டிருக்காங்க."

லேலண்ட் சிரித்துவிட்டான். "அப்போ அம்மா வேலைதான்! அப்பா டூட்டிக்குப் போனதும் வண்டியை எடுத்துட்டுப் போய் எந்தத் தூண்ல விட்டியோ!"

"நான் அந்த வண்டியோட ஸ்டீயரிங்கைத் தொட்டதேயில்லடா" என்றாள் வாண்டா. யாரும் காதில் வாங்கவில்லை. எமில் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். 2012-இல் இறந்துபோகும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மற்றவர்கள் விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நன்றித் திருநாளில் வான்கோழி மேசைக்கு வந்ததும், தூணைப் பற்றிய கேலியும் வந்துவிடும்.

இந்த ஜூனில் லேலண்ட் மறுபடியும் வண்டியோடு வந்தான். அவனுக்கும் அறுபத்துமூன்று ஆகிவிட்டது.

"வெயில்ல நின்னு போயிடுது, வெண்டல். கார்புரேட்டர் மாத்திட்டேன், பெட்ரோல் பம்ப் மாத்திட்டேன், காயில் மாத்திட்டேன்."

"உன் தொப்பியை மட்டும் ஏன் விட்டுட்ட?"

வெண்டல் சாண்ட்விச்சோடு முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். இருபது நிமிடத்தில் வண்டி நின்றது. பானெட்டைத் திறக்கவில்லை. பெட்ரோல் மூடியைத் திருகிக் காதை வைத்தார். காற்றை உறிஞ்சும் சத்தம் இல்லை; அடைப்பு மூடியில் இல்லை. சாண்ட்விச்சைத் தின்று முடித்தார். பத்து நிமிடம் கழித்து வண்டி ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பியது.

"வெயில் இல்லடா. இருபது நிமிஷம். பனிக்காலத்துல நீ வெளியவே எடுக்கிறதில்ல, அதனால வெயில் மேல பழி போடுற. டாங்குக்குள்ள வடிகட்டியில துரு போய் ஒட்டுது. நின்னா உதிருது."

டாங்கை இறக்க வேண்டும். அதைத் தாங்கும் பட்டையின் போல்ட்டுகளில் தொழிற்சாலைக் கறுப்புப் பூச்சு உடையாமல் இருந்தது. 1970-க்குப் பிறகு அதை யாரும் இறக்கவில்லை. இறக்கியதும் டாங்கின் தலையில் ஒட்டியிருந்தது ஒரு பழுப்புக் காகிதம். எந்த வண்டிக்கு எந்தப் பாகம் என்று தொழிற்சாலைக்குள் கூடவே போகும் பட்டியல். வேறு வண்டியின் பட்டியலைச் செருகிவிடுவதும் அங்கே உண்டு என்பதால் வெண்டல் முதலில் வண்டி எண்ணைப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு பின்பட்டை இருக்கும் கட்டத்தைப் பார்த்தார். அச்சடித்த எண்ணைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் வேறு எண் எழுதியிருந்தது. அகலப் பட்டையின் எண். கீழே இரண்டு ஆங்கில எழுத்து: ஓ.சி.

லேலண்ட் எட்டிப்பார்த்தான். "அப்படின்னா?"

"தெரியல."

"அப்பா சொன்னது நெசமா?"

"தெரியலன்னு சொன்னேன்ல." அன்று அவர் சாண்ட்விச்சுக்குப் பிறகு வேலை செய்யவில்லை.

அந்தத் தொழிற்சாலையின் ஓய்வுபெற்ற தொழிலாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த இரண்டு எழுத்தில் பெயர் தொடங்கும் மூன்று பேரின் முகவரியைச் சங்கம் கொடுத்தது. முதல் கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டாமவர் தனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதி, தன் காரில் வரும் ஒரு சத்தத்துக்கு வழி கேட்டிருந்தார். வெண்டல் அதற்கும் பதில் போட்டார். மூன்றாவது சாகினாவிலிருந்து வந்தது. எழுதியவர் ஓடெஸ்ஸா க்ரம்ப் என்ற பெண்மணி, சட்டம் பொருத்தும் பிரிவில் இருபத்தெட்டு வருடம்.

"அந்தக் கையெழுத்து என்னோடதுதான். குறுகின பட்டை மதியமே தீர்ந்துபோச்சு. லைன் நின்னா ஃபோர்மேன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். பக்கத்துத் தொட்டியில அகலப் பட்டை கெடந்துச்சு, எடுத்து மாட்டுனேன். பதினோரு வண்டி. பெரிய பட்டை கெடச்சதுன்னு யாராவது சண்டைக்கு வருவாங்களா?"

வெண்டல் அதை மூன்று முறை வாசித்தார். கூரைக் கட்டையிலிருந்து 214 என்று சீட்டு கட்டிய பட்டையை இறக்கினார். அதில் ஒரு கிள்ளுகூட இல்லை. லேலண்டுக்கு போன் செய்தார்.

"பழசை மாட்டினா அடுத்த கண்காட்சியில ஒன்பது புள்ளி போகும்."

"மாட்டுங்க வெண்டல். நான் அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்."

சனிக்கிழமை வந்தார்கள். வாண்டாவுக்கு எண்பத்தெட்டு. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு காரின் பின்னால் போய் நின்று, பட்டையை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினாள். லேலண்ட் கடிதத்தை உரக்க வாசித்தான். பதினோரு வண்டி என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தான்.

"இருபத்தெட்டு வருஷம் வேலை பாத்தவ சொன்னாத்தான் நம்புவீங்க" என்றாள் வாண்டா. "அம்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்துனவ சொன்னா நம்ப மாட்டீங்க."

வெண்டல் 214-ஆம் அட்டையை எடுத்து வந்து டிக்கி மூடியின் மேல் வைத்தார். கீறாமல் இருக்க அடியில் துணி. அந்த ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, பேனாவையும் அடிக்கோலையும் அவளிடம் நீட்டினார்.

"நானா?"

"நீங்கதான், மிஸஸ் போசாக்."

அவள் அடிக்கோலை ஒதுக்கிவிட்டு, கையாலேயே, கோணலாக, இரண்டு முறை அடித்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கீழ தேதி போடணும்" என்றார்.

"இன்னிக்கு முப்பத்தொண்ணா?"

"இன்னிக்குத் தேதி வேண்டாம். கடுதாசி வந்த தேதி. தப்புன்னு தெரிஞ்சது அன்னிக்குத்தான்."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: 2024 ஆகஸ்ட் 29.