வெள்ளை ஷூ கோச்

பிள்ளைகளே, வளைகுடாவில் அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் தங்கி ஒரு கல்லூரிக்கு பஸ் ஓட்டியபோது அந்தக் கல்லூரி ஃபுட்பால் கோச்சைப் பார்த்தேன். தமிழர்தான். நெட்டையான ஆள், எப்போதும் வெள்ளை ஷூ. அடிக்கடி குனிந்து அதைத் துடைப்பார். சீசன் தொடங்குமுன்பே, "ஷார்ஜா டீமெல்லாம் தூசு, கப் நமக்குத்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார்.

ஒருநாள் மத்தியான வெயிலில் ஓடி ஓடி கோல்கீப்பர் வாந்தி எடுத்தான்.

"சார், அவனுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

"டிரைவரண்ணே, நீங்க பஸ்ஸப் பாருங்க. இவன நம்பித்தான் கப்புன்னு சொல்லியிருக்கேன், எந்திரிச்சு ஓடட்டும்" என்றவர், கையிலிருந்த தண்ணீரை ஊற்றித் தன் ஷூவில் தெறித்த வாந்தியைக் கழுவினார்.

என் பாட்டிலை நான்தான் அவனுக்குக் கொடுத்தேன். அந்த வருஷம் கப் யாருக்குப் போனது என்று நான் கேட்கவில்லை. வெள்ளை ஷூவைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.