கைப்பிடி இழுத்த பிரிட்டோ மேல் பழி

முன்னாள் ராணுவக்காரர் தனசிங்குக்கு மனைவி ஞானஜோதியைத் தவிர யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கொடுத்த சில்லறையைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற ஆள். இரும்புலியூரில் ஒரு வங்கிக் கிளையில் காவல் வேலை. கையில் சொந்த லைசென்சில் வாங்கிய பழைய பம்ப் துப்பாக்கி. குழலுக்கு அடியில் உள்ள கைப்பிடியை இடது கையால் கடைசிவரை இழுத்தால் காலித் தோட்டா வெளியே துள்ளும். இழுப்பு அரைகுறையானால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கைப்பிடி தேய்ந்து லொடலொடத்தாலும் அது அவரைக் கைவிட்டதில்லை.

பம்மலில் ரிப்பேர்க்கார பிரிட்டோவிடம் சர்வீசுக்குக் கொடுத்து வாங்கிய பிறகுதான் சனியன் பிடித்தது. டம்மித் தோட்டா போட்டு இழுத்தால் அடிக்கடி சிக்கியது. தோட்டாவை வெளியே இழுக்கும் நல்ல கொக்கியை உருவிக்கொண்டு தேய்ந்ததை மாட்டிவிட்டான் என்று தனசிங் முடிவே கட்டிவிட்டார்.

"இன்னா சார், இப்டி சொல்லிட்டீங்க? ஆயில் போட்டு தொடச்சேன், அவ்ளோதான். பாருங்க, என் கையில ஓடுது!" என்றான் பிரிட்டோ, அழாத குறையாக.

ஓடத்தான் செய்தது. கண்கட்டு வித்தை என்று திட்டிவிட்டு வந்து, மேனேஜர் ஜோவிதாவிடம் சொல்லி, வங்கித் துப்பாக்கி எதுவும் இனி அவனிடம் போகாதபடி செய்துவிட்டார். திங்கட்கிழமை சுடும் பயிற்சி. அங்கே சிக்கினால் வேலை போய்விடும்.

ஞாயிறு சபை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மறுபடி டம்மித் தோட்டா போட்டு இழுத்தார். சிக்கியது.

"பாத்தியா? திருட்டுப்பய!"

ஞானஜோதி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். துப்பாக்கியை வாங்கி, சிக்கியதை எடுத்துவிட்டு, கைப்பிடியைச் சரக்கென்று இழுத்தாள். அடுத்த தோட்டா துள்ளிச் சோபாவுக்கு அடியில் ஓடியது. அதற்கடுத்ததும் துள்ளியது.

"ஆராதனையில ரெண்டு கையும் தூக்குவீங்க. ஈஸ்டர்ல இருந்து வலது கை மட்டுந்தான் மேல போகுது. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள்.

தோள் வலிப்பது அவருக்குத் தெரியும். அதனால் கை பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் தெரியாது. ஊரையே சந்தேகப்பட்டவர் தன் கையைச் சந்தேகப்பட்டதே இல்லை.

திங்கள் காலை பயிற்சி வண்டியில் ஏறாமல் ஜோவிதா முன்னால் போய் நின்றார்.

"மேடம், பிரிட்டோ மேல தப்பில்ல. துப்பாக்கியும் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ எங்கதான் ப்ராப்ளம், சார்?"

தனசிங் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் உயர்த்தினார். இடது கை தோள் மட்டத்திலேயே நின்றுவிட்டது.