மழைக்கு நாலு சக்கரம்

அக்காவுக்கு அப்போது எட்டாவது மாதம். ரத்த அழுத்தம் ஏறியிருந்ததால், வலி கண்டதும் நேரே புதுச்சேரிக்கு வந்துவிட வேண்டும், எங்கள் ஊர் மரக்காணத்தில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். பிறக்கப்போவது கார்த்திகையில், நல்ல அடைமழையில். எங்களிடம் இருந்ததோ நானும் மாமாவும் பங்கு போட்டு வாங்கிய பழைய கார். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் அவர் பொறுப்பு.

போன மழையில் அந்தக் கார் உப்பளத்து வளைவில் பிரேக் போட்டும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் வரப்பில் மூக்கை இடித்து நின்றது. அக்கா உள்ளே இருந்தாள். டயர் மாற்றாமல் இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். ஐப்பசி பிறந்தும் டயர்கள் மொட்டை அடித்த தலை மாதிரி அப்படியேதான் இருந்தன.

நான் வேலை பார்ப்பது குயிலாப்பாளையத்தில் ஒரு தங்கும் விடுதியில். வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் எதையும் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யும் பழக்கம் எனக்கு. அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் பேச்சுவாக்கில் டயரைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் ஊரில் பனிக்காலம் வந்தால் நாலு சக்கரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேறு நாலு மாட்டுவார்களாம். ஆழமாகப் பள்ளம் ஓடிய, குளிரில் இறுகிப்போகாத டயர். ஆனால் ரிம் மட்டும் இருப்பதிலேயே மலிவான இரும்பு ரிம். ஏன் என்று கேட்டேன். பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்களாம். நல்ல ரிம்மை உப்பு தின்றுவிடும் என்றார்.

உப்பு தின்பதைப் பற்றி மரக்காணத்துக்காரனுக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. பளபளப்பை விட்டுவிட்டு அந்தக் காசை ரப்பரில் போடுவது. வீட்டில் வந்து சொன்னபோது மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"வெள்ளைக்காரன் செருப்பு மாத்தற மாதிரி டயர் மாத்துவான். இங்க இன்னாடா, பனியா கொட்டுது?"

அவருக்கு அலாய் வீல் வேண்டும். நட்சத்திரம் மாதிரி கம்பி கம்பியாக மின்னுமே, அது. உப்பளத்தில் அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் போட்டிருந்தார். அலாய் போட்டால் டயருக்குக் காசு மிஞ்சாது. அதனால் டயர் பழசாக வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

அவருக்குத் தெரிந்த பழைய டயர் கடைக்குத்தான் முதலில் போனோம். கடை வாசலில் மலைபோல் குவிந்த டயர்களுக்குள் மழைத் தண்ணீர் தேங்கிப் புழு நெளிந்தது. பக்கத்திலேயே கடைக்காரர் பாக்கு எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தார். எங்கள் சக்கரம் ஒன்றைக் கழற்றி ரிம்மிலிருந்து டயரைப் பிரித்தபோது வந்த நாற்றம் என் மூக்கில் இன்னும் இருக்கிறது. உள்ளே கறுப்புக் களி. தொட்டால் விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது.

உப்பளத்தில் மழைக்கு வேலை நிற்கும்போது இரும்புச் சாமான் எல்லாவற்றுக்கும் இன்ஜினில் எரிந்து கறுத்த ஆயிலைப் பூசி வைப்பார்கள். பூசாவிட்டால் அடுத்த தைக்குள் மண்வெட்டி கையில் உதிர்ந்துவிடும். மாமா அதே ஆயிலை, பஞ்சர் போடக் கழற்றியபோதெல்லாம் ரிம்மின் உள்பக்கம் முழுக்கத் தடவியிருக்கிறார். ரிம்மைக் காப்பாற்றுகிறாராம். ஆயில் ரப்பரை ஊறவைத்து, டயர் ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற விளிம்பைக் கொழகொழவென்று ஆக்கியிருந்தது. ரிம்மும் தப்பவில்லை. நமத்துப்போன பிஸ்கட் மாதிரி ஓரம் உதிர்ந்தது. வரப்பில் இடித்த நாள்வரைக்கும் அக்கா இதன்மேல்தான் உட்கார்ந்து போயிருக்கிறாள். நான் விரலை மண்ணில் தேய்த்துத் துடைத்தேன். மாமாவோ, "பூசலன்னா எப்பவோ போயிருக்கும்" என்று கடைக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் நாலு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். கறுகறுவென்று மின்னின. பள்ளம் ஆழமாக இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்தது. குனிந்து பள்ளத்துக்குள் விரலை விட்டேன். பாலிஷ் கையில் ஒட்டியது. அடியில் நரநரவென்று, டயருக்குப் பலம் கொடுக்கிற உள்நூல் தட்டுப்பட்டது. தேய்ந்து வழுவழுப்பான டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் கீறியிருக்கிறார்கள். கீறல் ரப்பரைத் தாண்டி உள்நூல் வரைக்கும் போயிருந்தது. தயாரித்த வருஷம் இருக்க வேண்டிய இடத்தைத் தேடினேன். சுரண்டி எடுத்திருந்தார்கள்.

"தம்பி, சும்மா நோண்டாதீங்க. ஊருக்குள்ள ஓட்டற வண்டிக்கு இது தாராளம். ஷேர் ஆட்டோக்காரங்க எல்லாம் நம்மகிட்டதான் எடுக்கறாங்க" என்றார் கடைக்காரர்.

அந்த ஷேர் ஆட்டோக்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போவதை அவரும் தினம் பார்க்கிறவர்தான். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கண் சுவரில் மாட்டியிருந்த அலாய் மேல் இருந்தது. அக்காவை இதிலா ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு தபா போவப்போறா, ஒரு தபா வரப்போறா. அதுக்கு இது தாங்காதா?" என்றார்.

கடைக்காரர் சிரித்தார். மாமாவும் சேர்ந்து சிரித்தார். டயருக்குள் நெளிந்த புழுவைவிட அந்தச் சிரிப்பு எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. பழசையே மாட்டித் தரச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் புதுச்சேரிக்குப் போனேன். அதிகம் யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் புது டயர் நாலு, கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு ரிம் நாலு. அலாயை விட்டதால் கையிலிருந்த காசுக்குள் அடங்கியது. பழைய நாலையும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்து கொல்லைப்புறத்தில் இறக்கி, யாரும் பள்ளம் கீறி மறுபடி விற்றுவிடாதபடி கிழித்துத்தான் காயலான் கடைக்குப் போட வேண்டும் என்று இருவரிடமும் சொல்லி வைத்தேன். மாமா புது ரிம்மைக் காலால் தட்டிப் பார்த்து, "மாட்டு வண்டி கணக்கா இருக்குது" என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, பள்ளத்துக்குள் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டிய துணிப்பையைக் கொண்டு வந்து காரில் வைத்தாள்.

வலி வந்தது ஒரு விடிகாலையில், கொட்டுகிற மழையில். உப்பளத்து வளைவில் ரோடு எது பாத்தி எது என்று தெரியவில்லை. எதிரே ஒரு லாரி திடீரென்று முளைத்தது. பிரேக்கை மிதித்தேன். கார் கொஞ்சமும் வழுக்காமல் நின்றது. அக்கா கைப்பிடியை விடாமல், "போ, நல்லாத்தான் நிக்குது" என்றாள்.

பெண் குழந்தை. மறுநாள் மாமா வார்டில் இருந்த எல்லோருக்கும் லட்டு கொடுத்து, மழை வரும் என்று தெரிந்து தான் பார்த்துப் பார்த்து டயர் போட்ட கதையைச் சொன்னார். அலாய் எல்லாம் நம்ம ஊர் உப்புக்கு ஆகாது என்றுகூடச் சொன்னார். நான் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதோடு விட்டிருந்தால் எனக்கு அவர்மேல் சிரிப்புதான் வந்திருக்கும்.

"கொல்லைல கெடந்த நாலு டயரையும் அந்தப் பழைய டயர் கடையில அப்படியே போட்டுட்டேன். லட்டு அந்தக் காசுதான்" என்றார்.

அக்கா குழந்தையிடமிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"அந்த டயர அவன் யாருக்குங்க மாட்டுவான்?"

"யாருக்கோ. நமக்கு இன்னா?"

அக்கா பாதி கடித்திருந்த லட்டை வாயிலிருந்து எடுத்து, பக்கத்திலிருந்த எவர்சில்வர் மூடியில் வைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அவர் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.