பத்ராவதிக்காரரிடம் ட்யூட்டி வாங்குவது

கேட் கீல் முனகும். ஆள் அப்புறம்தான் தெரிவான். ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்க்கிற உங்களுக்கு இது புதிதில்லை. தொம்மலூர் அபார்ட்மென்ட் ஒன்றில் எனக்கு அந்த வேலை. பகலுக்கு செல்வராஜ் அண்ணா, பத்ராவதி இரும்பாலையில் உலையடியில் நின்று ரிட்டையர் ஆனவர்.

சங்கு

அவருடையது மூன்று தலைமுறையாக பத்ராவதியிலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், கறிக்கடையில் உருது. மழைக்காலத்தில் பத்ரா ஆறு பாலத்தைத் தொட்டால் பார்க்க ஊரே கிளம்புமாம். "கையில வாட்ச் இல்லியே அண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆலைச் சங்குக்குத்தான் எழுவோம், சாப்பிடுவோம். எங்க ஊர்ல வாட்ச் கட்டுனா வெளியூர்க்காரன்னு அர்த்தம் தம்பி."

ரெண்டு நிமிஷம்

மோட்டார், ஜெனரேட்டர், சாவிக்கொத்து எல்லாவற்றையும் நான் தொட்டுப் பார்த்த பிறகுதான் கிளம்புவார். உலையடியில் அதுதான் வழக்கம்: மாற்று ஆள் வராமல் இடத்தை விடக்கூடாது. முதல் மாடி அம்மா சிரித்தார்: "ரெண்டு நிமிஷம் ஆளில்லன்னா கேட் ஓடிப்போயிடுமா?"

"உலை அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன பண்ணும்னு பார்த்தவன் மேடம் நான்."

சனிக்கிழமை

ஞாயிறு காலை ஏழரைக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு நான் வந்து அவரை மாற்றிவிட்டால் ஊருக்கு பஸ் பிடித்துவிடுவார். நானோ பொம்மனஹள்ளி அறையில், போன் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது போனில் அவருடைய பதினொரு அழைப்புகள். சூபர்வைசரே "பூட்டிட்டுப் போங்க" என்றாராம். போகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. கடைசி பஸ் போயிருந்தது. திட்டுவார் என்று நின்றேன்.

"வா தம்பி. மோட்டார் ரெண்டு, சாவி ஆறு. பார்த்துக்க."

சம்பந்தி

மறுநாள் மத்தியானம்தான் வீடு சேர்ந்தாராம். காலையிலேயே வந்து உட்கார்ந்தவர்கள், பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் மனைவி மறைக்கத் தெரியாமல் நடந்ததைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பாவும் அதே ஆலையில் இருந்தவர். அவர் சொன்னதை, திரும்பி வந்த செல்வராஜ் அண்ணா அப்படியே எனக்குச் சொன்னார்:

"ஆள் மாத்தாம வந்திருந்தார்னா, நான் காப்பியைக் குடிச்சிட்டு எழுந்து போயிருப்பேன்."

தூங்கிப்போய் ஒரு கல்யாணத்தைக் கூட்டிவைத்த வாட்ச்மேன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று எண்ணிக்கொண்டு, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போடப் போனேன்.