பெட்ரோல் கேனை மடியில் வைத்துக்கொண்டு பாலம் ஏறிய சேவியர் அண்ணன்

சேவியர் அண்ணன் இறந்துவிட்டார்.

காலையில் ஸ்கூல் வேன் டிரைவர்கள் குரூப்பில் மெசேஜ். நம்பாமல் அவர் நம்பருக்கே போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தார். "நெஞ்சு வலிக்குதுன்னாரும்மா... தண்ணி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

ராயபுரத்துக்காரர். ஹார்பரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு ஸ்கூல் வேனுக்கு வந்தவர். திருவொற்றியூரில் எங்கள் ஸ்கூல் கேட் எதிரே அவர் வேனும் என் வேனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

சரியான பயந்த சுபாவம். வேன் கதவைப் பூட்டிவிட்டு, நாலடி நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு... இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு என் வேன் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பழைய பெட்ரோல் வண்டி. மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் குலுக்கும், இழுக்கும், அப்படியே ஆஃப்.

ஒரு மெக்கானிக் பிளக் மாற்றினார். இன்னொருவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். சேவியர் அண்ணன் "பிளக்குக்கு கரன்ட் குடுக்குற காயிலா இருக்கும்மா" என்றார். அதையும் மாற்றினேன். ம்ஹூம்...

ஒருநாள் எர்ணாவூர் பாலத்து ஏற்றத்தில், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது நின்றுவிட்டது. பின்னால் கன்டெய்னர் லாரி. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு சேவியர் அண்ணனிடம் அழுதேன். "வேனே வேணாம்ணா. வித்துடறேன்." எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவதே அந்த வேன்தான்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் சொன்ன காயிலும் தப்பாப் போச்சே..." என்றார். பிறகு, "நின்னப்புறம் இன்னா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. சும்மா உக்காந்துகினு இருந்தேன். அப்புறம் தானா ஸ்டார்ட் ஆச்சு."

"மழையில வண்டி எங்க நின்னுச்சு?"

"சடையங்குப்பத்துல வூட்டாண்டதான். சீட்டு வரைக்கும் தண்ணி."

"அப்போ டேங்குல சேறு பூந்துகீதோ இன்னாவோ... மிதிச்சா மேல வந்து பைப்பை அடைக்குது, நின்னா கீழ படிஞ்சிடுது. தெர்லம்மா. போன தபாவும் இப்டித்தான் சொன்னேன்."

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. டேங்கை விட்டுவிட்டு, ஒரு கேனில் நல்ல பெட்ரோல் ஊற்றி, அதிலிருந்து நேராக இன்ஜின் பம்புக்கு டியூப் போட்டார். காலி வேன். நான் ஸ்டியரிங்கில். பக்கத்து சீட்டில் அவர், மடியில் கேன்.

அதே பாலம். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. உள்ளே பெட்ரோல் வாடை. என் கால் மிதிக்கவே மாட்டேன் என்கிறது.

"மிதிம்மா!"

"பயமா கீதுண்ணா."

"எனக்கு மட்டும் இன்னா, உசுரே இங்க இல்ல. மிதி!"

மிதித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு "மாதாவே மாதாவே" என்கிறார்...

ஒரு குலுக்கல் இல்லை. உச்சி வரைக்கும் ஒரே மூச்சில் ஏறியது.

இறங்கினதும் வேனை ஓரம் கட்டச் சொன்னார். கேனை ரோட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேன்ட் எல்லாம் பெட்ரோல். "இந்த மாதிரி இனிமே யாரும் செய்யக்கூடாதும்மா, நானும் செய்ய மாட்டேன்" என்றார். நீங்களும் செய்யாதீர்கள்.

டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர், துரு, சேறு. கழுவி, ஃபில்டர் மாற்றினோம். அன்றோடு சரியானது. அந்த வேனைத்தான் இன்றும் ஓட்டுகிறேன்.

இன்று மதியம் அவர் வேன் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆளில்லை. நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் பேராகப் பிரித்து ஏற்றிக்கொண்டோம். தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் என் வேனில். எனக்குப் புது வழி.

ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா கேட்டார், "சேவியர் அண்ணனுக்கு இன்னா, உடம்பு சரியில்லையா?"

அந்த அம்மாவின் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அப்புறம் போன் பண்றேன்கா" என்று வந்துவிட்டேன்.

சேவியர் அண்ணா, இனிமேல்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். எப்படி உள்ளே வருவேன் என்று தெரியவில்லை.

போயிட்டு வாங்கண்ணா. உங்க வேன் பசங்க எல்லாரும் வூடு சேர்ந்துட்டாங்க.